விதி எண் பதினான்கு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் மனைவியும் என் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? இதையேதான் ஞாயிற்றுக்கிழமை போனிலும் கேட்டேன். நீ ஏதோ பதில் சொன்னாய். 'பரவாயில்லை' என்றாயா, 'வரவில்லை' என்றாயா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வர வர நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய். பெரிய பதவிக்குப் போனவர்கள் எல்லாருமே இப்படித்தான் ஆகிவிடுவார்களோ என்னவோ. இனிமேல் கடிதம் எழுது. எழுத்தில் முணுமுணுக்க முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு இருந்த இன்னொரு டாக்டர் போன வாரம் கிளம்பிப் போய்விட்டார். தோல் மருத்துவம் படிக்கப் போகிறாராம். "தோல் நோயாளி யாரும் சாப்பாட்டு நேரத்துல கதவத் தட்டமாட்டான் மேடம்" என்று காரணம் சொன்னார். இப்போது இந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஒருத்திதான் டாக்டர். வெளியே பெஞ்சில் இடம் போதாமல் ஜனங்கள் சைக்கிள் நிறுத்துமிடம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் துறையில் ஒரு மானியம் அறிவித்திருக்கிறார்களே, அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன். படிப்பு முடித்த இளம் டாக்டர்களை எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளில் மூன்று வருடம் தங்கவைத்துக் குடும்ப மருத்துவம் பழக்க வேண்டும்; அவர்கள் சம்பளத்தையும் தங்கும் இடத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும். பெரிய ஊரில் பழகியவன் பெரிய ஊரிலேயே ஒட்டிக்கொள்கிறான், இங்கே பழகினால் இங்கேயே ஒட்டுவான் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அதற்கு விதிமுறை எழுதியவன் ஒரு கழுதை.

விதி எண் பதினான்கைப் படி: "மேற்படி பயிற்சியளிக்கும் மருத்துவர், மேற்படி நோயாளியைப் பரிசோதித்தபின், மேற்படி முடிவுக்குத் தாம் ஏன் வந்தார் என்பதை மேற்படி பயிற்சி மருத்துவருக்கு வாய்விட்டு விளக்குதல் வேண்டும். 'ஏன்' என வினவும் உரிமை மேற்படி பயிற்சி மருத்துவருக்கு உண்டு."

ஏன் என்று எப்படியடா சொல்வது? ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். உனக்குப் பசிக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிகிறது? அதை ஒரு மேற்படிக்கு விளக்கேன் பார்ப்போம்.

இந்தக் கழுதை யாரென்று விசாரித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம். நான் போனில் சொன்னது 'பரவாயில்லை'. எனக்கு நான்கு மாதமாக ஒரு வறட்டு இருமல். அதைத்தான் 'பரவாயில்லை' என்றேன். உண்மையில் அப்படியொன்றும் பரவாயில்லை என்று சொல்லிவிட முடியாது. உன் மருமகள் என் இருமலைப் பதிவு செய்து தன் போனுக்கு மணியோசையாக வைத்திருக்கிறாள். அவளுக்கு யாராவது போன் செய்தால் இந்த வீட்டில் இரண்டு பேர் இருமுகிறார்கள்.

மானியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் விண்ணப்பத்தில் நான் கை வைக்க முடியாது. அது மேசைக்கு வரும்போது நான் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன் என்று மேலதிகாரியிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே.

விதிமுறை எழுதியவர் யார் என்று கேட்டாய். அதெல்லாம் ஒரு குழு. நிறையப் பேர். யார் எதை எழுதினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் பதினான்காம் விதியை அவ்வளவு கேவலமாகப் பேச வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. டாக்டர் எதையாவது எழுதித் தந்து 'அடுத்த ஆள்' என்றால், வெளியே வருகிறவனுக்கு ஒன்றுமே விளங்குவதில்லை. ஏன் என்று சொல்லிப் பழகிய டாக்டர், நாளைக்கு நோயாளியிடமும் சொல்வார் அல்லவா? அந்தக் குழுவில் இருந்த யாரோ ஒருவர் அதை ரொம்ப யோசித்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அவருக்கும் மனசு என்று ஒன்று இருக்கும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் இருமல் நின்றதா?

மானியம் கிடைத்துவிட்டது! நீ அறையைவிட்டு வெளியே போனதும் மற்றவர்கள் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இனி நல்ல காரியம் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் எழுந்து வெளியே போ.

அந்த நிதியில் என்ன வாங்கலாம், என்ன வாங்கக்கூடாது என்று உங்கள் ஆட்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். பயிற்சி அறைக்கு நாற்காலி வாங்கலாம், கரும்பலகை வாங்கலாம், ஆளுயர எலும்புக்கூடு வாங்கலாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கக்கூடாது. அது பயிற்சியில் சேராதாம். எனவே இப்போது எங்களிடம் அருமையான எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக அதைக் கழிப்பறை வாசலில் நிறுத்திவைக்கலாமா என்று மூத்த நர்ஸ் கேட்கிறாள். அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை.

பயிற்சிக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவன் நெட்டையன். வாசல் நிலையில் தினம் ஒரு முறை தலையை இடித்துக்கொள்வான். இடித்த வேகத்திலேயே பேச ஆரம்பித்துவிடுவான். தலைவலி என்று ஒரு கிழவர் வந்தால், உலகத்தில் தலைவலிக்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். போன வாரம் அப்படி ஒருவர், "தம்பி, இத்தன இருக்குன்னா எனக்குத் தலவலி போதும், மத்ததெல்லாம் வேணாம்" என்று சொல்லி எழுந்தே போய்விட்டார்.

இன்னொருத்தி ஒரு சின்னப் பெண். எறும்பு பேசுகிற மாதிரி பேசுகிறாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'முணுமுணுப்பு'. "வாயத் தெறந்து பேசும்மா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வது! மூத்த நர்ஸ்தான் பக்கத்தில் நின்று அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டையே வைக்கவில்லை.

இரண்டு பேரும் உன் விதி பதினான்கை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். ஏன் மேடம், ஏன் மேடம், ஏன் மேடம். நேற்று என்னையறியாமல் உன் அத்தானிடம், 'தண்ணீர் கொண்டு வாருங்கள், ஏனென்றால் எனக்குத் தாகம்' என்று சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

உன் அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஆசைப்படுகிறேன்; என் சுகம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இருமல் நிற்கவில்லை. மூக்கு டாக்டர் பார்த்தார். மூக்கில் ஒன்றுமில்லை, தொண்டையாக இருக்கும் என்றார். தொண்டை பார்க்கிறவர் என் தொண்டையைப் பாராட்டினார். நுரையீரல் டாக்டர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன், நன்றாக ஊதுகிறேன் என்றார். வயிற்று டாக்டர் வாய் வழியாகக் கேமராவை இறக்கிப் பார்த்து, வயிறு என் வயதுக்கு அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் தன் இடம் சுத்தம் என்று சொல்லி அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். நான் ஆள் முழுக்கச் சேர்ந்து ஒரே நோயாளியாக எந்த அறைக்குள் போவது என்றுதான் தெரியவில்லை.

அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது என்னைக் கதவோரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

'உன் விதி பதினான்கு' என்று எழுதியிருந்தாயே, அது கைத்தவறுதல்தானே?

உன் தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. ஒரு டாக்டருக்குத் தம்பியாக இருந்துகொண்டு ஊரெல்லாம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பாட நேரம். உன் பேரைச் சொல்லாமல் உன் கதையை அவர்கள் முன் வைத்தேன். "ஐம்பதைத் தாண்டிய அரசாங்க அதிகாரி. உக்காந்தே இருப்பார். சொன்னாக் கேக்கமாட்டார். மாசக்கணக்கா வறட்டு இருமல். எல்லாப் பரிசோதனையும் சுத்தம். என்ன செய்வீங்க?"

நெட்டையன் ஆரம்பித்தான். காசநோயில் தொடங்கி, நான் கேள்விப்படாத ஒரு பறவையின் எச்சத்தால் வரும் நோய் வரை போனான். அவர் வீட்டில் பறவை இருக்கிறதா என்று கேட்டான். பெண்டாட்டி இருக்கிறாள் என்றேன். உன் மனைவியிடம் இதைக் காட்டாதே.

முணுமுணுப்பு ஏதோ சொன்னாள்.

"சத்தமாச் சொல்லும்மா!"

கதவருகே நின்ற மூத்த நர்ஸ் உரக்கச் சொன்னாள்: "அவரு வேற என்ன மாத்திர சாப்பிடுறாருன்னு கேக்குதுங்க அந்தப் பொண்ணு."

தம்பி, நீ பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? அதை எப்போது ஆரம்பித்தாய்? இருமல் எப்போது ஆரம்பித்தது? பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. சிலருக்கு அது இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஒவ்வொரு டாக்டரும் அவரவர் ஓட்டையைப் பார்த்தார்களே தவிர, உன் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இது உறைக்கவில்லை என்று நினைக்காதே. உறைத்தது. அவளுக்குப் பிறகு உறைத்தது.

நீயாக மாத்திரையை நிறுத்தித் தொலைக்காதே. அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய் வேறு வகை மாற்றித் தரச் சொல். ஏன் என்று அவர் கேட்டால் பதினான்காம் விதியைச் சொல்.

உன் அக்கா

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நின்றுவிட்டது! மாத்திரையை மாற்றிய இரண்டாவது வாரம் குறைந்தது, மூன்றாவது வாரம் காணாமலே போய்விட்டது. என் பெண்தான் வருத்தமாக இருக்கிறாள். மணியோசையைக் கேட்டு இப்போது யாரும் கூடவே இருமுவதில்லையாம். அந்தச் சின்ன டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல். பேரைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொல்.

சந்தோஷத்தில் உனக்குப் போன் செய்தேன். "அக்கா, இருமல் நின்னுடுச்சு" என்றேன். "யாரு நிக்கிறா? இங்க யாரும் நிக்கல, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய்.

அக்கா, நான் முணுமுணுக்கிறேன் என்கிறாய். அலுவலகத்தில் என் குரல் கீழ் மாடி கேன்டீன் வரை கேட்கிறது என்று எழுத்துமூலம் புகார் வந்திருக்கிறது. வேறொன்றுமில்லை, சும்மா சொன்னேன். அந்தப் பெண்ணும் முணுமுணுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி போலிருக்கிறது.

உடனே பதில் போடு.

உன் தம்பி

செப்டம்பர் 15

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல். நான் கடிதம் எழுதிப் பழகாதவன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். வரைபடம் வேண்டுமானால் போட்டு அனுப்புவேன்.

உங்கள் அக்காவிடமிருந்து பதில் இல்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவள் எழுதவில்லை, எனக்கு அவள் பேசவில்லை. கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நான் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்கிறாள். அதற்கு முன்பெல்லாம் நான் என்ன கேட்டாலும் "என்ன?" என்பாள். அதுவே தேவலை.

அந்தச் சின்னப் பெண்ணோடு ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று அவளே சொல்வாள். நான் சொன்னதாக வேண்டாம். ஆனால் ஒன்று: வீட்டு டிவியின் சத்தத்தைப் பற்றி எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்து பேசி ஒரு வருடம் ஆகிறது. நீங்கள் புத்திசாலி.

உங்கள் அத்தான்

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் சுகம் என்று எழுதிவிடுவாய்.

முதலில் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீ சொல்லலாம். அந்தக் கழுதை நான்தான். குழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. விதிமுறை முழுவதையும் நான்தான் எழுதினேன். தாழ்ப்பாளை விட்டுவிட்டவனும் நான்தான்.

இப்போது கேட்கிறேன். அக்கா, உன் காது எப்படி இருக்கிறது?

உன் தம்பி

அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதலில் உன்னுடையதை முடித்துவிடலாம். அதை எழுதியது நீ என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு வாக்கியத்தில் இத்தனை 'மேற்படி' போடக்கூடிய ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கழுதை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

இனி என்னுடையது.

ஆகஸ்டில் ஒரு நாள் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சளி. எடை கொஞ்சம் குறைவு. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். "நெஞ்சு சுத்தமா இருக்கு, சளிதான்" என்றேன்.

"ஏன் மேடம்?" என்று முணுமுணுப்பு கேட்டாள். அதை மட்டும் இப்போதெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன்.

"ஏன்னா ஒரு சத்தமும் இல்ல."

அவள் தன்னுடையதை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் முகத்துக்கு நேராக, நன்றாக வாயைத் திறந்து சொன்னாள்: "மேடம், எனக்குக் கேக்குது."

அறையில் குழந்தையின் அம்மா, நர்ஸ், நெட்டையன் எல்லாரும் இருந்தார்கள். நான் அவளை "வெளிய போ" என்றேன்.

அவள் போனதும் மறுபடி வைத்துப் பார்த்தேன். மூடியிட்ட பாட்டிலைக் காதில் வைத்த மாதிரி இருந்தது. மூத்த நர்ஸ் குனிந்து என் காதருகே சொன்னாள்: "அம்மா, பால் குடிக்கும்போது குழந்தைக்கு வேர்த்துக் கொட்டுதுன்னு தாய் ரெண்டு தடவ சொல்லிட்டா. உங்களுக்கு விழல." அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பால் குடிக்கவே வேர்க்கிற குழந்தைக்கு இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இதயத்தில் ஓட்டை. நேரத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். குழந்தை இப்போது மருந்தில் தேறிவருகிறது.

அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையை அனுப்பிவிட்டு உட்கார்ந்து, இந்தப் பெண்ணுக்குக் குரல் போதாது, நோயாளிகளிடம் பேசத் தகுதியில்லை, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று உன் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அதைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில், அது உன் மேசைக்குத்தான் வரும் என்று தோன்றியது. நீ அதைப் படித்து ஏன் என்று கேட்பாயே என்று பயந்தேன். கிழித்துப் போட்டேன். நல்லெண்ணத்தில் கிழித்தேன் என்று எழுத ஆசைதான். பயத்தில்தான் கிழித்தேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல வந்து என் வலது பக்கம் நின்றாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் எப்போதுமே வலது பக்கம்தான் நிற்கிறாள். எனக்குக் கொஞ்சமாவது கேட்கிற பக்கம்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"வந்த மொத வாரமே தெரியும் மேடம்."

"ஏன் சொல்லல?"

"பயிற்சி முடிஞ்சா நீங்கதானே எனக்குக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் சொன்ன?"

"அன்னைக்குக் குழந்த இருந்துச்சே மேடம்."

அதற்குப் பிறகு பல நாள் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு நெஞ்சையும் நான் தனியாகக் கேட்கவில்லை. நான் கேட்டதை அவர்கள் இருவரில் ஒருவர் மறுபடி கேட்டார்கள். போன வாரம் அவளே பக்கத்து ஊர்க் காது டாக்டரிடம் நேரம் வாங்கி, உன் அத்தானிடம் சொல்லி, இரண்டு பேரும் என்னை ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி கூட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். என் சொந்தக் காசு, உன் ஆட்கள் கேட்டால் ரசீது இருக்கிறது. இதையெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் கண்காணிப்பாளரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர், "அப்படியா? நீங்க எங்களையெல்லாம் மதிக்கலன்னுதான் நெனச்சிட்டிருந்தோம்" என்றார்.

உலகம் இவ்வளவு கூச்சல் போடுகிறது என்று யாருமே சொல்லவில்லையே! மருந்துச் சீட்டைக் கிழித்தால் ஓடு உடைகிற மாதிரி இருக்கிறது. என் அறை மின்விசிறி முனகுகிறது. உன் அத்தான் குளிக்கும்போது பாடுகிறார்; கல்யாணமான நாளிலிருந்து பாடுகிறாராம். நடுவில் சில வருடம் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது, காரணம் தெரியாமலே. வாசல் காவல்காரர் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் "வந்துட்டாங்கய்யா, ஒளிஞ்சுக்குங்க" என்று சொல்வதும் இப்போதுதான் தெரிந்தது. நேற்று நின்று, "யாரு ஒளியணும்?" என்று கேட்டேன். மனிதர் எலும்புக்கூட்டுக்கு அண்ணன் மாதிரி ஆகிவிட்டார்.

அந்தப் பெண்ணின் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. கணீரென்று இருக்கிறது.

உன் அக்கா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அத்தான் தொடர்ந்து பாட வேண்டும்.

உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த மானியத்தை ஒரு வருடத்தோடு மூடிவிட நிதித் துறை முடிவெடுத்திருந்தது. புதிய பயிற்சி இடம் கிடையாது, இருப்பவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றிவிடுவது என்று உத்தரவு தயார். நீ பேசாமல் இருந்த அந்த மாதங்களில் நான் இதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன்.

நேற்று கடைசிக் கூட்டம். நிதி அதிகாரி ரொம்பக் கறாரானவர். "சின்ன ஊர் ஆஸ்பத்திரில போய் என்னத்தக் கத்துக்குவாங்க? அங்க என்ன கருவி இருக்கு, என்ன நிபுணர் இருக்கார்? ஒரே ஒரு பலன் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்தேன். என் அக்கா அப்படி ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதன் பிறகு என் இருமல் கதையை மூக்கிலிருந்து தொடங்கினேன். வயிற்றுப் படத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நிதி அதிகாரி சிரிக்கவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வந்தேன்.

நிதி அதிகாரி இருமினார்.

வறட்டு இருமல். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுவா பாருங்க."

"அதேதான் சார்."

"எட்டு மாசமாய்யா! மனைவி என்னத் தனி அறையில படுக்கவச்சுட்டா!"

அதோடு விடவில்லை. "அந்தப் பொண்ணு இருக்குற ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். நீ எழுதியதைத்தான் அப்படியே சொன்னேன்.

மானியம் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி இடங்களும் கூடுகின்றன. விதிமுறையில் ஏதாவது திருத்தம் வேண்டுமானால் இப்போதே சொல். தாழ்ப்பாளை நானே சேர்த்துவிட்டேன்.

உன் தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் சுகம். நிதி அதிகாரிக்கு இருமல் நின்றதா, மனைவி மன்னித்தாரா என்று எழுது. இங்கே நர்ஸ்கள் எல்லாரும் ஆவலாக இருக்கிறார்கள். திருத்தம் ஒன்றும் வேண்டாம். பதினான்கைத் தொடாதே. 'மேற்படி'யை மட்டும் குறைத்துக்கொள்.

நெட்டையன் இப்போது காரணங்களை மூன்றோடு நிறுத்திக்கொள்கிறான். நிலையில் இடித்துக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

நேற்று ஒன்று நடந்தது. காலையில் என் அறைக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தப் பெண் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இந்த மாத்திரை, ஏன் அது வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை. வெள்ளைக் கோட்டையும் அறைக்குள் ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். சரி, முடியட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் ஆடுகிறது. அதையும் யாரும் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மாள். தூரத்திலிருந்து வந்தவள், இந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசு. எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள். பெரிய டாக்டர் கொஞ்சம் கத்துவாங்களாம், ஆனா சின்ன டாக்டர் எல்லாத்தையும் பொறுமையா சொல்லிப் பாப்பாங்களாம், அதனால்தான் இரண்டு பஸ் மாறி வந்தேன் என்றாள். நான் ஆடுகிற பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நீங்க இங்க ரொம்ப நாளா வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு வருஷமா வர்றேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னுமா குணமாகல?" என்றாள்.

"இப்பத்தான் கொஞ்சம் தேவல" என்றேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் என்னைக் கண்டதும் பதறி, "மேடம், நீங்க உள்ள வாங்க" என்று ஆரம்பித்தாள். நான் தலையை ஆட்டி, அந்த அம்மாளைக் கைகாட்டினேன். "இவங்க எனக்கு முன்னாடி வந்தவங்க" என்றேன்.

உன் அக்கா